251 எடுத்தவள் எத்தனையாவது?

"டீச்சர், ஸ்டெப் டூ ரிசல்ட் வந்திருச்சு. 251. இது எத்தனை பெர்சென்டைல்?"

என்னிடம் இடைநிலைப் பள்ளியில் கணக்குப் படித்த பெண். இப்போது அரசு மருத்துவமனையில் ஹவுஸ்மேன், அதாவது பயிற்சி மருத்துவர். எழுதியது அமெரிக்க மருத்துவ உரிமத் தேர்வின் இரண்டாம் படி, அதாவது யூ.எஸ்.எம்.எல்.இ. ஸ்டெப் டூ சி.கே. அவள் சொல்லி முடிப்பதற்குள் அம்மா போனை வாங்கிவிட்டார். "எத்தனைக்கு 251 டீச்சர்? நூத்துக்கு எவ்வளவு வரும்? நம்ம பிள்ளை எத்தனையாவதா வந்திருக்கா?"

மூன்று கேள்வி கேட்டார் அந்த அம்மா, மூன்றுக்கும் பதில் வேறு வேறு. போனில் பாதிதான் சொல்ல முடிந்தது. இதே கேள்வியோடு வேறு பிள்ளைகளும் வருவதால் முழுதாக எழுதி வைக்கலாம் என்று உட்கார்ந்தேன்.

மலேசியாவில் எங்கள் புக்கிட் செலம்பாவ், பீடோங், சுங்கை லாலாங் பக்கம் டாக்டர் பிள்ளைகள் பெருகியதற்கு ஒரு காரணம் கண்ணுக்கு எதிரே இருக்கிறது. ம.இ.கா. கட்சியின் கல்விக் கரமான எம்.ஐ.இ.டி. 2001இல் தொடங்கிய எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம், ஜெராய் மலை தெரிகிற தூரத்தில், செமிலிங்கில்தான் நிற்கிறது. அப்பா அம்மா பால்மரம் வெட்டிய காட்டிலிருந்து அரை மணி நேரக் கார்ப் பயணத்தில் பிள்ளை எம்.பி.பி.எஸ். படிக்க முடிகிறது என்பதை நான் இன்றைக்கும் சாதாரணமாக எடுத்துக்கொள்வதில்லை.

அங்கே படித்து முடித்தவர்களுக்கு மலேசியாவில் தனியாக உரிமத் தேர்வு கிடையாது. 1971ஆம் ஆண்டு மருத்துவச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் பெயருள்ள பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கியிருந்தால் தற்காலிகப் பதிவு, பிறகு இரண்டு வருட ஹவுஸ்மேன், அதன்பின் முழுப் பதிவு. யார் முதலாவது, யார் ஐந்நூறாவது என்று இங்கே யாரும் எண்ணுவதில்லை. சிக்கல் வேலையில் வந்தது. 2016 டிசம்பரிலிருந்து புதிய டாக்டர்களை ஒப்பந்தத்தில்தான் எடுத்தார்கள். 2021 ஜூலை 26ஆம் தேதி ஒப்பந்த டாக்டர்கள் கறுப்புச் சட்டையோடு மருத்துவமனை வாசல்களில் வந்து நின்றதைப் பார்த்தோம். அதற்குப் பிறகுதான் பல பிள்ளைகள் வேறு கதவுகளைத் தட்டத் தொடங்கினார்கள். பிரிட்டனுக்கு பிளாப், எம்.ஆர்.சி.பி.; ஆஸ்திரேலியாவுக்கு ஏ.எம்.சி.; அமெரிக்காவுக்கு யூ.எஸ்.எம்.எல்.இ. இவற்றில் அமெரிக்காக் கதவுக்குத்தான் தேறினால் மட்டும் போதாது, எண்ணும் உயரமாக இருக்க வேண்டும். அந்த எண்ணை வைத்துத்தான் நேர்காணலுக்கு யாரைக் கூப்பிடுவது என்று சலிக்கிறார்கள்.

முதலில் அம்மாவின் கேள்விக்கு வருகிறேன். எத்தனைக்கு 251? இந்தத் தேர்வின் எண் 1இலிருந்து 300 வரை போகிற ஓர் அளவுகோலில் தரப்படுகிறது. 300 கேள்வியில் 251 சரி என்று அதற்கு அர்த்தமில்லை. 251ஐ 300ஆல் வகுத்து ஏறக்குறைய 84 விழுக்காடு என்று சொன்னால் அது எதையுமே குறிக்காது. தேர்வில் 318 கேள்விகள் வரை வரும், ஒன்பது மணி நேரம் உட்கார வேண்டும், ஒருவருக்கு வந்த கேள்வித்தொகுப்பு இன்னொருவருக்கு வராது. ஒரு தொகுப்பு கொஞ்சம் கடினமாக இருந்தால் அதைச் சமன்செய்துதான் எண்ணைக் கொடுக்கிறார்கள். தேறுவதற்கு ஏறக்குறைய 60 விழுக்காடு கேள்விகள் சரியாக வேண்டும் என்று தேர்வு நடத்துபவர்களே சொல்கிறார்கள். அந்த 60 விழுக்காடு அளவுகோலில் 200ஐத் தாண்டி எங்கோ போய் உட்காருகிறது. தேர்ச்சிக் கோடு 2022 ஜூலையில் 209இலிருந்து 214ஆக ஏறியது, 2025 ஜூலையில் 218 ஆனது.

இந்த விஷயத்தில் நம் ஆட்கள் குழம்பியதற்குப் பழைய வரலாறு உண்டு. ஒரு காலத்தில் இதே தேர்வு இரண்டு எண்களைக் கொடுத்தது. ஒன்று மூன்றிலக்கம், இன்னொன்று இரண்டிலக்கம். இரண்டிலக்கத்தில் 75 என்றால் தேர்ச்சி, உச்சம் 99. இந்த 99ஐப் பார்த்தவர்கள் எல்லாம் "99 பெர்சென்டைல், நூறு பேரில் முதல் ஆள்" என்று நினைத்துக்கொண்டார்கள். மூன்றிலக்கத்தில் சராசரிக்குச் சற்று மேலே போனாலே இரண்டிலக்கம் 99ஐத் தொட்டுவிடும். அதற்கு மேல் ஏறாது. ஆக 99 வைத்திருந்தவர்கள் ஏராளம். இந்தியாவிலும் இங்கேயும் எத்தனையோ சுயவிவரங்களில் அது "99 பெர்சென்டைல்" என்று ஏறியிருக்கிறது. 2013இல் அந்த இரண்டிலக்க எண்ணையே நிறுத்திவிட்டார்கள். ஆனால் "எங்க மச்சான் பையன் 99 எடுத்தானே, நீ ஏன் 251தான்?" என்று கேட்கிற மாமாக்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்த மாமாவுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

இனி கணக்கு. பெர்சென்டைல் என்பது ஒரு கூட்டத்தில் உங்களுக்குக் கீழே நூற்றுக்கு எத்தனை பேர் என்பது. அதைக் கண்டுபிடிக்கக் குறைந்தது இரண்டு விவரம் தேவை: அந்தக் கூட்டத்தின் சராசரி, அந்தக் கூட்டம் சராசரியைச் சுற்றி எவ்வளவு பரந்திருக்கிறது என்கிற திட்ட விலக்கம். ஸ்டெப் டூ சி.கே.க்கு அண்மை ஆண்டுகளில் சராசரி 250ஐ ஒட்டி நிற்கிறது. திட்ட விலக்கம் 15. எஸ்.பி.எம். கூட்டல் கணிதத்தில் படித்த இயல்பு வளைவை, அந்த மணி வடிவத்தை, ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். உங்கள் எண்ணிலிருந்து சராசரியைக் கழித்து 15ஆல் வகுங்கள். பூஜ்யம் வந்தால் 50 பெர்சென்டைல். அரை வந்தால் 69. ஒன்று வந்தால் 84. ஒன்றரை வந்தால் 93. இரண்டு வந்தால் 98.

251க்கு விடை ஏறக்குறைய 50. நடுவில் நிற்கிறாள். 265 எடுத்தவன் ஒரு திட்ட விலக்கம் மேலே, 84 பக்கம். 235 எடுத்தவள் ஒரு விலக்கம் கீழே, 16 பக்கம்.

இதில் கவனிக்க வேண்டியது, ஒரே பத்து மார்க் எல்லா இடத்திலும் ஒரே தூரத்தைக் கடப்பதில்லை. 240இலிருந்து 250க்குப் போனால் நூற்றில் இருபதுக்கும் மேற்பட்டவர்களைத் தாண்டுகிறீர்கள், ஏனென்றால் கூட்டம் அங்கேதான் நெரிசலாக நிற்கிறது. 270இலிருந்து 280க்கு அதே பத்துதான், ஆனால் தாண்டுவது ஆறேழு பேரை. "தம்பி பத்து மார்க் கூட எடுத்தான், இவள் பத்து மார்க் குறைவு" என்று வீட்டில் ஒரே தராசில் போட்டு நிறுப்பது அதனால்தான் சரிப்படாது.

இயல்பு வளைவும் முழு உண்மையைச் சொல்லிவிடாது. உண்மையான மார்க்குகள் சமச்சீராக விழுவதில்லை. மேலே 300 என்ற கூரை இருக்கிறது. கீழே சரிந்து போனவர்களின் வால் நீளமாக இருக்கிறது. அந்த வால் சராசரியைக் கொஞ்சம் கீழே இழுத்துவிடுகிறது. ஆகவே 260 மாதிரியான எண்ணுக்குச் சூத்திரம் கொடுக்கிற பெர்சென்டைல், உண்மை அட்டவணையில் இருப்பதைவிடச் சில புள்ளிகள் கூடுதலாக வரும். கீழ்க்கோடியில் எதிர்மாறாக, 220க்குச் சூத்திரம் காட்டுவதைவிட அட்டவணை கொஞ்சம் கூடவே தரும். சூத்திரம் அவசரத்துக்கு உதவும். ஆனால் தேர்வு நடத்துபவர்களே ஒவ்வோர் ஆண்டும் மார்க் விளக்கக் குறிப்போடு பெர்சென்டைல் அட்டவணை ஒன்றை வெளியிடுகிறார்கள். அது கையில் கிடைக்கும்போது மதிப்பீடு எதற்கு? அட்டவணையையே பாருங்கள்.

அட்டவணையைத் திறந்ததும் பிள்ளைகள் நேராகத் தங்கள் எண்ணுக்குத்தான் ஓடுகிறார்கள். நான் அவர்களை நிறுத்துகிற இடம் மேலே, சின்ன எழுத்தில் இருக்கிற வரி. யாருடைய மார்க்குகளை வைத்து இந்த அட்டவணை போடப்பட்டது? அமெரிக்காவிலும் கனடாவிலும் எம்.டி. படிப்பில் இருந்து, இந்தத் தேர்வை முதல்முறை எழுதியவர்களுடையதை. செமிலிங்கில் படித்தவளுடைய மார்க் அந்த அட்டவணைக்குள் இல்லை. மணிப்பாலில் படித்தவனுடையதும் இல்லை, இரண்டாம் முறை எழுதியவர்களுடையதும் இல்லை. அவள் 50 பெர்சென்டைல் என்றால், அமெரிக்க மாணவர்களின் வரிசையில் கொண்டுபோய் அவளை நிறுத்தினால் நடுவில் நிற்பாள் என்று அர்த்தம். அவர்கள் நான்கு வருடமும் இந்தத் தேர்வை மனத்தில் வைத்தே பாடம் படித்தவர்கள், தேர்வுக்கு முன் படிப்பதற்கென்றே வாரக்கணக்கில் ஒதுக்கப்பட்ட நேரம் பெற்றவர்கள். இவள் வார்டில் ஆன்கால் முடித்து வந்து, குளித்துவிட்டு, கண் எரிய லேப்டாப்பைத் திறந்து கேள்வி போட்டவள்.

என் அம்மா தோட்டத்தில் பால் வெட்டியவர். பால் ஸ்டோரில் வாளியை நிறுத்ததும் கிராணி கனத்தை மட்டும் எழுதிக்கொண்டு அனுப்பிவிட மாட்டார். மெட்ரோலாக்கைப் பாலில் விட்டு, அதில் ரப்பர் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று பார்ப்பார். அதற்குப் பிறகும் பேச்சு ஓயாது. இளமரக் காடா, கிழமரக் காடா? மேட்டுப் பக்கமா, பள்ளமா? கிழமரத்தில் வெட்டியவரின் வாளியை இளமரத்தில் வெட்டியவரின் வாளியோடு வைத்து "நீ குறைச்சல்" என்று சொன்னால் பெரட்டுக் களத்தில் யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். எழுதப் படிக்கத் தெரியாத பெண்களுக்கும் இந்த ஞாயம் தெரிந்திருந்தது. மார்க் என்று வந்ததும் அவர்களுடைய பேரப்பிள்ளைகளிடம் நாம் அந்த ஞாயத்தை மறந்துவிடுகிறோம் என்பதுதான் எனக்கு வலிக்கிறது.

வெளிநாட்டுப் பட்டதாரிகளை மட்டும் வைத்துப் பார்த்தால் அவள் எங்கே நிற்பாள்? இதற்குத் தேர்ச்சி விகிதத்திலிருந்து ஒரு குறிப்புக் கிடைக்கிறது. 2023இல் முதல்படித் தேர்வை, அதாவது ஸ்டெப் ஒன்னை, முதன்முறையாக எழுதிய அமெரிக்க எம்.டி. மாணவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் தேறினார்கள். வெளிநாட்டுக் கல்லூரிகளிலிருந்து எழுதியவர்களில் ஏறக்குறைய நால்வரில் மூவர்தான். அந்தக் கூட்டம் மொத்தமாகக் கொஞ்சம் கீழே நிற்கிறது. ஆகவே அமெரிக்க அட்டவணையில் 50 என்பது, அவளைப் போன்றவர்களின் வரிசையில் ஐம்பதுக்கு மேல்தான் இருக்கும். எவ்வளவு மேல் என்று ஒற்றை எண்ணாகச் சொல்லும் துணிவு எனக்கு இல்லை. "பாதிக்கு மேலே" என்று சொல்வதோடு நிறுத்திக்கொள்வேன்.

அடுத்தது, பிள்ளைகள் யாருமே கேட்பதில்லை, நானாகத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. 251 என்பது ஓர் அளவீடு. அளவீடு என்றால் பிழை எல்லை உண்டு. இந்தத் தேர்வுக்கு அது ஏறக்குறைய ஆறு புள்ளி. அதே அறிவோடு அவள் வேறொரு கேள்வித்தொகுப்பை எழுதியிருந்தால் 245 வந்திருக்கலாம், 257 வந்திருக்கலாம். மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பு இந்த வட்டத்துக்குள். இப்போது அந்த இரு முனைகளையும் பெர்சென்டைலாக மாற்றிப் பாருங்கள். 245 முப்பதுகளின் நடுவில் வரும். 257 அறுபதுகளின் நடுவைத் தொடும். நேர்மையாகப் பதில் சொன்னால் "35க்கும் 65க்கும் இடையில் எங்கோ" என்றுதான் சொல்ல வேண்டும். ஆறு புள்ளி என்று கேட்கும்போது சின்னதாகத் தெரிகிறது. நெரிசலான நடுப்பகுதியில் அது முப்பது பேரைத் தாண்டுகிற அகலம். இருவரை ஒப்பிடும்போது பிழை இன்னும் கூடும், ஏறக்குறைய எட்டு. 251 எடுத்தவளும் 256 எடுத்தவளும் ஒரே வீட்டு அக்கா தங்கையாக இருந்தால், யார் கெட்டிக்காரி என்ற பேச்சை அந்த வீட்டில் எடுக்கவே வேண்டாம். தேர்வுக்கே அது தெரியாது.

காலமும் பெர்சென்டைலை நகர்த்தும். முதல்படித் தேர்வு தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வந்தபோது சராசரி 200 என்றும் விலக்கம் 20 என்றும் அளவுகோலை அமைத்தார்கள். அன்றைக்கு 220 எடுத்தவர் 84 பெர்சென்டைல். 2019 வாக்கில் அதே தேர்வின் சராசரி 230ஐத் தாண்டிவிட்டது. அதே 220 கீழ்க் காலாண்டை ஒட்டி இறங்கிப்போனது. 220 அளவு அறிவு என்றால் அன்றும் இன்றும் ஒன்றுதான், சமன்செய்வதே அதற்காகத்தான். சுற்றி நின்றவர்கள் ஏறிவிட்டார்கள். பத்து வருடத்துக்கு முன்னே எழுதிய அண்ணன் தன் பெர்சென்டைலைச் சொல்லித் தம்பியைப் பயமுறுத்தினால், இந்தக் கணக்கைக் காட்டுங்கள். கடைசியில் அந்த ஓட்டம் எல்லை மீறிப் போனதால் 2022 ஜனவரி 26இலிருந்து முதல்படிக்கு எண் கிடையாது; தேர்ச்சியா இல்லையா என்பது மட்டும்தான். பாரம் முழுக்க இரண்டாம் படியின் தலையில் வந்து இறங்கியது. 251க்காக அந்த வீட்டில் இத்தனை படபடப்பு இருந்ததற்கு இதுவே காரணம்.

பெர்சென்டைல் ஒருவரைப் பற்றி எவ்வளவு குறைவாகச் சொல்லும் என்பதற்கு நம் பத்திரிகைகளில் அடிபட்ட இந்திய உதாரணம் ஒன்று போதும். முதுநிலை நீட் தேர்வுக்கு மொத்தம் 800 மார்க். 2023இல் பொதுப் பிரிவுக்கான 50 பெர்சென்டைல் எல்லை 291 மார்க்காக இருந்தது. நூற்றுக்கு 37 கூட வராத மார்க், ஆனால் எழுதியவர்களில் பாதிப் பேருக்கு மேலே. பிறகு இடங்கள் காலியாகக் கிடக்கின்றன என்று அந்த செப்டம்பரில் எல்லையைப் பூஜ்ய பெர்சென்டைலுக்கு இறக்கினார்கள். பூஜ்ய பெர்சென்டைல் என்றால் பட்டியலின் கடைசி ஆள். அந்த ஆளின் மார்க் மைனஸ் 40. தவறான விடைக்கு மார்க் கழிப்பதால் பூஜ்யத்துக்கும் கீழே போனது. அந்த எல்லைக்கு "பெர்சென்டைல்" என்ற கௌரவமான பெயர் இருந்தபடியால், செய்தியை மேலோட்டமாகப் படித்தவர்களுக்கு என்ன நடந்தது என்றே புரியவில்லை. ஒரு மருத்துவருக்கு என்ன தெரியும் என்பதற்குத் தேர்ச்சிக் கோடுதான் பதில் சொல்ல முடியும். வரிசையில் எத்தனையாவது என்பது வேறு விஷயம், அதை வைத்து அறிவை அளக்க முடியாது.

தேர்வுக்கு முன்பே பெர்சென்டைலைக் கணிக்கும் கருவிகளைப் பற்றியும் கேட்கிறார்கள். யூவேர்ல்ட் கேள்வி வங்கியில் ஒரு பெர்சென்டைல் காட்டும். அது காசு கட்டி அந்த வங்கியைப் பயன்படுத்துகிறவர்களுக்குள் உங்கள் இடம். சிலர் முதல் சுற்றில் இருப்பார்கள், சிலர் அதே கேள்விகளை இரண்டாம் முறை போடுவார்கள். இணையத்தில் "இந்தப் பயிற்சித் தேர்வில் இவ்வளவு என்றால் உண்மைத் தேர்வில் இவ்வளவு" என்று சொல்கிற கணிப்பான்கள், மார்க்கைத் தாங்களாகவே முன்வந்து பதிந்தவர்களை நம்பி ஓடுகின்றன. 225 வந்தவர் எத்தனை பேர் போய்ப் பதிவார்? தேர்வு நடத்துபவர்களே விற்கிற பயிற்சித் தேர்வு இவற்றைவிட நம்பகமானது. இருந்தாலும் அதன் விடையையும் ஒரு வட்டமாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

அந்தப் பெண்ணுக்கு நான் கடைசியில் சொன்னது இது. எம்.டி. மாணவர் அட்டவணையை ஒருமுறை பார்த்துவிட்டு மூடிவிடு. உனக்கு வேண்டிய ஒப்பீடு வேறு இடத்தில் இருக்கிறது. அமெரிக்காவில் பயிற்சி இடங்களை ஒதுக்குகிற என்.ஆர்.எம்.பி. அமைப்பு, துறைவாரியாக இடம் கிடைத்தவர், கிடைக்காதவர் மார்க்குகளை வெளியிடுகிறது; வெளிநாட்டுப் பட்டதாரிகளுக்குத் தனித் தொகுப்பே உண்டு. அமெரிக்கக் குடியுரிமை இல்லாத வெளிநாட்டுப் பட்டதாரிகளில் 2024இல் இடம் கிடைத்தவர்கள் 58.5 விழுக்காடு; அமெரிக்க எம்.டி. இறுதியாண்டு மாணவர்களுக்கு அது 93.5. நீ கேட்கிற துறை பொது மருத்துவமா, குழந்தை மருத்துவமா, அறுவையா என்பதைப் பொறுத்து 251இன் பொருளே மாறும். பொது மருத்துவத்துக்கு அது கம்பீரமாகக் கொண்டுபோய் வைக்கக்கூடிய எண். தோல் மருத்துவத்துக்கு மார்க்கோடு வேறு பலவும் வேண்டும்.

"அப்போ அம்மாகிட்ட என்னன்னு சொல்றது டீச்சர்?" என்று கேட்டாள்.

அம்மாவிடம் நானே பேசினேன். இந்த ஊரில் யூ.பி.எஸ்.ஆர். என்ற தொடக்கப்பள்ளித் தேர்வு இருந்த காலத்தில் 7ஏ எடுத்த பிள்ளைகளின் படத்தைப் பத்திரிகையிலிருந்து வெட்டிச் சுவரில் ஒட்டிய தலைமுறை அவருடையது. அந்தத் தேர்வே 2021இல் போய்விட்டது, சுவரில் ஒட்டிய பழக்கம் மனத்திலிருந்து போகவில்லை. "அக்கா, தேறுவதற்குக் கோடு 218. உங்க பொண்ணு 33 புள்ளி மேலே இருக்கு. அமெரிக்காவுல படிச்ச பிள்ளைங்களோட நிறுத்தினாலும் நடுவுல நிக்குது. வெளிநாட்டுல இருந்து எழுதினவங்களோட நிறுத்தினா அதுக்கும் மேல" என்றேன். "அப்ப நல்ல மார்க்குதானே?" என்றார். நல்ல மார்க் என்றேன், அதில் ஒரு சொல்லைக்கூட நான் கூட்டிச் சொல்லவில்லை.

விண்ணப்பம் போடப்போகிற மற்ற பிள்ளைகளுக்கு ஒன்று. மூன்றிலக்க எண்ணை மட்டும் எழுதுங்கள். நீங்களாகக் கணக்குப் போட்டு வந்த பெர்சென்டைலை விண்ணப்பத்திலோ சுயவிவரத்திலோ ஏற்றாதீர்கள். படிக்கிறவரிடம் அதே அட்டவணை இருக்கும், உங்கள் எண்ணைப் பார்த்ததும் அவரே தேடிக்கொள்வார். வீட்டில் வைத்துக்கொள்ள அட்டவணையை இறக்குகிறவர்கள், அது எந்த ஆண்டுகளில் எழுதியவர்களுக்கானது என்று மேலே போட்டிருப்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருக்கிற படங்கள் பெரும்பாலும் பழையவை. சில படங்களில் இருப்பது ஸ்டெப் ஒன் அட்டவணை.